ஏழு சொன்னார்

என் பெயர் பெ. தனகோட்டி. அகவை எழுபத்தொன்று நிறைந்து எழுபத்திரண்டு நடக்கிறது. பிறந்ததும் வாழ்வதும் பெங்களூர் அல்சூரில். பள்ளியில் கற்றது எட்டாம் வகுப்பு வரை. மற்றவை யாவும் திருப்புளியின் துணையால் நானே கற்றவை. கண்காணிப்புக் கேமராத் தொழிலைப் பற்றி ஒரு வரியில் சொல்வதானால், படம் ஓடும் வரை எங்களை ஒருவரும் நினைப்பதில்லை; படம் நின்ற மறுநிமிடம் எங்களைத் தவிர வேறெவரையும் நினைப்பதில்லை.

வாசகர்களே, உங்கள் கடை மேசைக்கு அடியிலும் பழைய பதிவுப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருக்கக் கூடும். அதைப் புதிய செல்போனோடு இணைக்க முயன்று தலையில் கை வைத்தவர்கள் அனைவரும் என் இனத்தவர். அவர்களுக்காகவே, விவேக் நகரில் ஒரே வாரத்தில் எனக்கு வாய்த்த அனுபவங்களை எழுதி வைக்கிறேன்.

மாடியிலிருந்து வந்த எச்சரிக்கை

மாதா கோவிலுக்குப் போகும் தெருவில் மெழுகுவத்திக் கடை வைத்திருப்பவர் அருள்தாஸ். பெட்டி சுமந்து இறங்கும்போது படியில் சறுக்கி, தொடை வரை மாவுக்கட்டோடு இரண்டாம் மாடி வீட்டில் படுத்துவிட்டார். கீழே கடையைத் தனியாகக் கவனிப்பவர் அவர் மனைவி ஜெசிந்தா. யார் வந்தார்கள், எது விற்றது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடியிலிருந்து போன் வரும். வியாழக்கிழமை கோவிலில் கூட்டம் நெரியும் நாள். அன்று அந்த அம்மையாரால் போனை எடுக்க முடியவில்லை. மனிதர் பதறிப்போய், கைப்பிடியைப் பற்றியபடி ஒற்றைக் காலில் நான்கு படி இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டார் பார்த்துத் தாங்கியிராவிட்டால் கதை வேறு. இன்னொரு முறை விழுந்தால் எலும்பில் தகடு வைக்க நேரும் என்று மருத்துவர் கண்டித்துப் போனார்.

கடையில் பதின்மூன்று ஆண்டுகளாக நான்கு கேமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் உண்டு. படம் மேசையடியில் உள்ள சிறு டிவியில் மட்டும் தெரியும். அதை மாடியிலிருக்கும் செல்போனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மறுநாள் என்னை அழைத்தார்கள். நோயாளியைப் பார்க்க மேலே போனேன். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“வர்ற வியாழக்கிழமைக்குள்ள படம் என் கைக்கு வரணும் தனகோட்டி சார். வரலேன்னா நானே கீழ வந்துடுவேன்.”

பெட்டிக்கு வயது பார்த்தவர்

எனக்கு முன்பே ஒரு பெரிய கேமராக் கடையின் விற்பனையாளரையும் கேட்டிருந்தார்கள். அவர் சனிக்கிழமை வந்தார். பெட்டி, கேமரா, ஒயர் அனைத்தையும் மாற்ற வேண்டும், சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார். இரண்டு வாரத்தில் எத்தனை வியாழக்கிழமை வரும் என்று ஜெசிந்தா விரல் விட்டுப் பார்த்தார். இதையே இணைக்கலாம் என்று நான் பணிவுடன் கூறினேன். விற்பனையாளர் பெட்டியை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

“அங்கிள், கோவிச்சுக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்குமே சர்வீஸ் நின்னு ரொம்ப நாள் ஆச்சு.”

மூடிக்குள் இருந்த பெயர்

அந்தச் சொல் என்னைச் சுட்டது. எனினும் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நிறுவனத்தின் ஆப், போனில் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்பது மெய்தான். இத்தகைய இடத்தில் பலர் கையை உதறிவிடுவர். நான் மூடியைக் கழற்றினேன். பதின்மூன்று ஆண்டுத் தூசியையும் இரண்டு கரப்பான் பூச்சிகளையும் பெயின்ட் பிரஷ்ஷால் அகற்றியபோது, உள்ளே பச்சைப் பலகையின் மூலையில் வேறொரு பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது.

தொழிலறிந்தோர் அறிவர்: ஒரே ஆலையில் பிறந்த பெட்டிகளுக்கு விற்பவர்கள் தத்தம் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வது வழக்கம். பெற்றெடுத்த ஆலையின் ஆப் இன்றும் உயிரோடிருந்தது. பெட்டியின் உண்மைப் பெயரை ஜெசிந்தாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“அய்யய்யோ, பதிமூணு வருஷமா வேற யார் பேரையோ சொல்லியா கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம்?”

இரண்டு தெருக்கள்

பெட்டியிலிருந்து கடையின் இன்டர்நெட் ரௌட்டருக்கு ஒயர் இழுத்தேன். ஆயினும் போன், அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று சாதித்தது. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணாலான முகவரி உண்டு; பெட்டியின் முகவரி ஒரு தெருவிலும் ரௌட்டரின் முகவரி மற்றொரு தெருவிலும் இருந்ததே காரணம். பெட்டியின் முகவரியை மாற்றப் பாஸ்வேர்டு வேண்டும். அது ஒருவரிடமும் இல்லை. ஆகவே ரௌட்டரின் எண்ணை மாற்றி, அதையே பெட்டியின் தெருவுக்குக் குடி பெயர்த்தேன். வயதில் மூத்ததை அலைக்கழிக்காமல் இளையதை நகர்த்திய அந்த யுக்தி என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறேன். ரௌட்டர் அணைந்து எரிந்த இடைவெளியில், மாடியில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் ஆட்டமும் நின்றது. படியிறங்கி வந்தது குரல் மட்டுமே.

“காலுதான் போச்சுன்னு பார்த்தா, கடைசி ஓவரும் போச்சா சார்?”

ஏழும் நானும்

போன் இப்போது பெட்டியை அடையாளம் கண்டு, பாஸ்வேர்டு கேட்டது. பெட்டியோடு ஆலையிலிருந்து வரும் ஆறு சுழியங்களை முதலில் இட்டேன், மறுத்தது. அப்போதுதான் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மஞ்சளேறிய காகிதம் கண்ணில் பட்டது. அதில், “கேமரா பாஸ்வேர்டு – 7 சொன்னார்” என்று ஜெசிந்தாவின் கையெழுத்து. திண்டிவனத்திலிருந்து மணமாகி வந்த முதல் மாதத்தில், கேமரா மாட்டியவர் போனில் சொல்லச் சொல்ல எழுதியதாம். அந்த மனிதரின் எண் இன்று உபயோகத்தில் இல்லை.

ஒற்றை ஏழு, இரட்டை ஏழு, ஏழு ஏழுகள், எழுத்தில் ஏழு என்று திங்கள் முதல் புதன் வரை போராடினேன். ஐந்து முறை தவறினால் பெட்டி அரை மணி நேரம் வாய் திறக்காது. பாஸ்வேர்டை மறக்கடிக்கலாம் என்று பலகையிலிருந்த பொத்தான் பேட்டரியைக் கழற்றியும் பார்த்தேன். பெட்டியின் கடிகாரம் பின்னோக்கிப் போயிற்று, பூட்டு அசையவில்லை. காதில் விழுந்தது ஏழுதானா என்று புதன் மாலை அந்த அம்மையாரைக் கேட்டேன்.

“ரெண்டு தடவை கேட்டேங்கய்யா. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னார்.”

ஒரு மெய்யெழுத்து

வியாழக்கிழமை வந்தது. கடை வாசலில் கூட்டம். மாடியில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. மனிதர் எழ முயல்கிறார் என்று ஜெசிந்தாவின் முகம் வெளிறியது. அவ்வேளையில் கன்னடப் பெண்மணி ஒருவர் திருமண நாளுக்குப் பெரிய மெழுகுவத்திகள் வேண்டுமென்று தம் போன் எண்ணைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் முடிவில் வந்தது: “ஏளு சொன்னெ.” ஜெசிந்தா கை நிற்காமல் ஏழும் சுழியமும் எழுதினார். எழுதிய கை அப்படியே நின்றது. நானும் நிமிர்ந்தேன்.

கன்னடத்தில் சொன்னெ என்றால் சுழியம். எழுபது ஆண்டுகளாக இவ்வூரில் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த நான், அது தமிழெழுத்தில் மரியாதையோடு நின்றதைக் கண்டு ஏமாந்தேன். கேமரா மாட்டிய கன்னடக்காரர் சொன்னது ஏழு அன்று, ஏழு சுழியங்கள். ஆலை தந்த ஆறோடு காவலுக்கு ஒன்றைக் கூட்டி வைத்த கெட்டிக்காரர் அவர். ஏழு முறை சுழியத்தைத் தொட்டேன். நான்கு கட்டங்களாகக் கடை முழுவதும் போனில் விரிந்தது. ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அந்த மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்கார். நான்தான் ஒரு ‘ர்’ போட்டு மரியாதை குடுத்துட்டேன்.”

முதல் அழைப்பு

போனை ஏந்தி மாடிக்கு ஓடினேன். எழுபத்திரண்டு நடக்கும் கால்கள் அன்று ஓடின. அருள்தாஸ் படியின் உச்சியில், ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். படத்தைக் காட்டினேன். அங்கேயே நாற்காலியைப் போட்டு அமர்ந்து நெடுநேரம் பார்த்தார். கல்லாவைப் பார்க்கவில்லை, சரக்கையும் பார்க்கவில்லை. பிறகு கடைக்குப் போன் செய்தார்; இம்முறை ஜெசிந்தா எடுத்தார்.

“ஜெசி, காலையிலேர்ந்து நீ உக்காரவே இல்லையே. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு மொதல்ல.”

விற்பனையாளர் குறித்த கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னதாக, சர்வீஸ் நின்றுபோன நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மனிதரை நாற்காலியிலும் ஒரு பெண்மணியை ஸ்டூலிலும் உட்கார வைத்த அந்த நாள், ஆவணி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது.