மூணாம் தரத்து மாடு

கோலார் தங்கவயலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என் அக்கா மாசம் ஒரு கடுதாசி போடும். அதுக்கு எழுதத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரரை எழுதச் சொல்லும். எனக்குப் படிக்கத் தெரியாது, தபால்காரரைப் படிக்கச் சொல்வேன். அவர் ஆம்பூர்க் கடைத்தெருவில் நின்று படிக்க ஆரம்பித்தால் பாலாற்றங்கரை வரைக்கும் கேட்கும். "ஊர் சுத்துறதை விட்டியா இல்லையா" என்று அக்கா கேட்டிருந்தால், நான் தலையைக் குனிவதற்குள் காப்பிக் கடையில் நாலு பேர் சிரித்து முடித்திருப்பார்கள். பாதியை இவரே சேர்த்துப் படிக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் முப்பது வயசில் பள்ளிக்கூடம் போனேன். நாங்கள் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று காலையில் ஒரு கொட்டகையில் எங்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் ஜாஸ்தி. தங்கமான மனுஷன். ஆனால் அவர் கையில் இருந்தது சின்னப் பிள்ளைகளின் பாடப் புத்தகம். 'ஆ, ஆடு' என்று ஆரம்பித்தாலே எங்களுக்குக் கொட்டாவி வரும். ஆறு நாளும் ஆட்டுத்தோலில் புரளுகிறவனுக்கு ஏழாம் நாளும் ஆட்டைக் காட்டினால் இன்னா செய்வான்? தூங்குவான். மூணு மாசத்தில் ஆட்டைத் தாண்டி இலைக்கு வந்திருந்தோம்.

அடுத்த மாசம் அதிகாரி வந்து பார்ப்பார், யாருக்கும் படிக்க வரவில்லை என்றால் வகுப்பை மூடிவிடுவார் என்று வாத்தியார் ஒருநாள் சொன்னார். எனக்குத் தபால்காரரின் குரல் காதில் கேட்டது.

அந்த வாரம்தான் வாத்தியாரின் தோஸ்த் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். புதுமாதிரிப் படம் போடுகிறவர். நாங்கள் அதுவரை பார்த்த படமெல்லாம் காலண்டரில் இருக்கிற சாமிதான். சுவரில் ஓதம் பூத்த இடத்தை மறைக்க, அவர் துணியில் வரைந்த படம் ஒன்றை வாத்தியார் மாட்டிவைத்தார். மாடாம். செக்கச்செவேல் என்று உடம்பு, முதுகில் கறுப்பாய் ஒரு தீற்றல், பச்சைக் கொம்பு, முறம் மாதிரி ஒற்றைக் கண், கீழே ஒரே ஒரு கால்.

எங்களோடு படித்த பாய் ஒருவருக்கு ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை. அவர் எழுந்து போனார். படத்தைத் தடவினார். மோந்து பார்த்தார். ஆணியிலிருந்து கழற்றித் திருப்பி, தோலுக்குச் சதைப்பக்கம் பார்க்கிற மாதிரியே பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி மாட்டிவிட்டு, வாத்தியாரின் சாக்குக்கட்டியை எடுத்து மாட்டின் தொடையில் '3' என்று போட்டார்.

வாத்தியார் பதறிப்போனார். "பாய்! அது படம்!"

"படம்தான், யார் இல்லேன்னா? முதுகுல அம்மாம் பெரிய சூட்டுத் தழும்பு. மூணுக்கு மேல குடுத்தா மொதலாளி என் தோலை உரிச்சிடுவார்."

படம் போட்டவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், பாய் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "ரெண்டு குடுக்கக் கூடாதா, பாய்?" என்று கேட்டார்.

தோல் ஊறுகிற தொட்டிக்கு ஆவாரம்பட்டை இடிக்கிற எங்கள் வகுப்பு அக்கா ஒன்று பின்னாலிருந்து விட்டது ஒரு போடு: "ஒத்தக்கால் மாட்டுக்கு ரெண்டாம் தரமா? மீதிக் காலு எங்கப்பா?"

"நீங்கதான் சொல்லணும் அக்கா."

"ஏலகிரி மலை ஏறி எறங்கித் தேஞ்சுபோச்சு."

"இல்லே, மூணு காலும் முன்னாடியே ஷாப்புக்கு வந்துடுச்சி. மாடு பின்னால வருது," என்றேன் நான்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே இதையெல்லாம் பலகையில் எழுதிவிட்டார். அங்கேதான் கதை திரும்பியது. அவரவர் பேச்சு பலகையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "என்னுது எது, என்னுது எது" என்று எல்லாரும் எழுந்துவிட்டோம். என் 'மூணு'வில் இருக்கிற எழுத்து பாய் பேச்சிலும் இருந்தது. "அதை எங்கிட்டேருந்து எடுத்துக்கினியா?" என்று பாய் சண்டைக்கு வந்தார். வாத்தியார் பலகையை அழிக்கப் போனால் பட்டை இடிக்கிற அக்கா துணியைப் பிடுங்கிக்கொள்ளும். படம் போடுகிறவர் ஊரிலேயே தங்கிவிட்டார். வாரா வாரம் ஒரு படம், ஒரு சண்டை, ஒரு பலகை எழுத்து. கொட்டாவி விட ஆளில்லை.

அதிகாரி வந்தார். சுவரில் இருந்த மாட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பலகையில் மறுபடி எழுதிவைத்திருந்த மாட்டுச் சண்டையைப் பட்டை இடிக்கிற அக்கா கடகடவென்று படித்தது. "இதெல்லாம் மனப்பாடம்," என்றார் அவர். அது முழுப்பொய்யும் இல்லை.

"அப்ப நீங்களே ஒண்ணு எழுதுங்க ஐயா. அந்த மாட்டைப் பத்தி," என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேன்.

எழுதிவிட்டு, "நீயே படி," என்றார்.

"இது... மா...டே... இல்லை. இதை... வரைந்த..." நின்றுவிட்டேன். எழுத்து தெரியாமல் இல்லை. 'இதை வரைந்தவனுக்குப் பைத்தியம்' என்று எழுதியிருந்தார். வரைந்தவரோ பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி புஸ்தகத்தைத் திறந்து ஏதோ குறித்துக்கொள்ளப் போனார். வாத்தியார் முகம் சுண்ணாம்புக்குழியில் போட்ட தோல் மாதிரி வெளுத்துப்போயிற்று.

பின்னாலிருந்து குரல் வந்தது. "படிங்க அண்ணே, பரவால்ல. மெட்ராஸ்ல எல்லாரும் சொன்னதுதான்."

படித்தேன். அதிகாரி திரும்பி அந்த ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புஸ்தகத்தை மூடினார். போகிறபோது வாசலில் நின்று, "ரெண்டாம் தரம் குடுக்கலாம்," என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பு தப்பித்தது.

அன்றைக்கே தகரப்பெட்டியைத் திறந்து தங்கவயல் அக்காவின் பழைய கடுதாசிகளையெல்லாம் எடுத்து உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் ஆயிற்று. தபால்காரர் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. முக்கால்வாசித் திட்டை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத்தான் கடைத்தெருவுக்குக் காட்டியிருக்கிறார்.

அடுத்த கடுதாசி வந்ததும் அவருக்கு ஒரு காப்பி சொன்னேன். "நீங்களே படிங்கண்ணே," என்றேன். அவர் உரக்கப் படித்தார். நான் தோளோரமாய் நின்று, அவர் தாண்டிப் போகிற வரிகளை மட்டும் கண்ணால் படித்துக்கொண்டேன்.