சூடத்தை யார் அணைப்பது?

ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் வேலாயியின் மகன் சோலைமலை, பேராதனையில் சட்டம் படிக்கிறான் என்றதும் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அப்போதே அவனை நீதவானாக்கிவிட்டார்கள். 1961இல் விடுமுறைக்கு வந்தவன் குற்றவியல் புத்தகத்தை விரித்துச் சத்தம்போட்டுப் படித்தான். திருட்டு என்றால் என்ன என்ற பாடம் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்றது. ஒற்றைச் சுவருக்கு அப்பால், அடுத்த காம்பராவில் இருந்த ராக்காயிக்குத்தான் அது மனப்பாடமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி நல்லமுத்துவின் சேவலைக் காணவில்லை. வேலாயி வாசலில் இறகு கிடந்ததாம்.

"மாரியம்மன் முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். இல்லைன்னா தொரைகிட்டச் சொல்லி வேலைய நிப்பாட்டிடுவேன்" என்று குதித்தார் கங்காணி.

வேலை போனால் குடியிருக்கும் காம்பராவும் போகும். அம்மாவின் சம்பளம் நின்றால் மகனின் பேராதனையும் போகும்.

சந்தேகத்துக்கு ஆளானவர் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் எடுக்கலை" என்று பிள்ளைமேல் ஆணையிட வேண்டும். அதுதான் தோட்டத்து நீதிமன்றம், மேல்முறையீடு கிடையாது. கோயில் முன்னால் தோட்டத் தலைவர் பழனியாண்டி ஏந்திய தட்டில் சூடம் எரிந்தது. வேலாயி கையை நீட்டவில்லை. மகனைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள், மறுபடி மகனைப் பார்த்தாள். சோலைமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"நிறுத்துங்க தலைவரே! குத்தம் சொல்றவங்கதான் நிரூபிக்கணும், அதுதான் சட்டம். கங்காணியய்யா அணைக்கட்டும். எங்கம்மா எடுத்தத கண்ணால பாத்தேன்னு அவரு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணட்டும்!"

சூடத்தைத் திருப்பிப் பிடிக்கலாம் என்று அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. பழனியாண்டி தாடையைத் தடவினார்.

"தம்பி சொல்றதும் ஞாயந்தானே. வாங்க கங்காணி."

நல்லமுத்துவுக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

"நான்... எறகத்தான் பாத்தேன்" என்று இழுத்தார்.

"எறகு காத்துல பறக்குமுங்க" என்றாள் ராக்காயி, யாரும் கேட்காமலேயே.

சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. வழக்குத் தள்ளுபடி.

சோலைமலை தரையில் கால்பாவாமல் வீடு வந்தான். முதல் வழக்கு, முதல் வெற்றி! வேலாயி சோறு போட்டாள். ராக்காயி முந்தானையில் மறைத்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நழுவினாள். வேலாயி அதிலிருந்து குழம்பை ஊற்ற, கோழிக்கால் ஒன்று சோற்றில் வந்து விழுந்தது.

சோலைமலையின் கை அப்படியே நின்றது. "அம்மா, இது ஏது?"

"குத்தம் சொல்றவங்கதானே நிரூபிக்கணும்? தின்னு."

"அம்மா, இது திருட்டும்மா!"

வேலாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன லீவுல ஒன்னைய பஸ் ஏத்திவிட்டுட்டு, காலையில பேர் பதியிற பெரட்டுக்குக் கொஞ்சம் சொணங்கிப் போனேன். அந்தி வரைக்கும் கொழுந்து எடுத்தும், பாதி நாள் சம்பளந்தான்னு அரைப்பேரு போட்டாரு அந்தக் கங்காணி மனுசன். அது திருட்டா இல்லையா? ஒன் பொஸ்தகத்துல பாத்துச் சொல்லு. திருட்டு இல்லைன்னா, இந்தச் சட்டிய அவரு வீட்டுலயே குடுத்துட்டு வாறேன்."

சோலைமலை சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டினான். சேவலுக்கு அதில் இடமிருந்தது. மாட்டுக்கு இருந்தது, வெட்டிய மரத்துக்கும் இருந்தது. பாதி நாள் உழைப்பைக் கொண்டுபோனவனுக்கு அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அம்மாவைவிடப் புத்தகத்தின்மேல்தான் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

மூடி வைத்துவிட்டுத் தட்டின் முன் வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றான்.