பெயர் விசாரிக்க வந்தவர்கள்

வேலாயுதனார் மறைந்துவிட்டார் என்ற செய்தி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. பக்கத்து மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த மனிதர். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிராணி என்ற குமாஸ்தா வேலை வயிற்றுக்கு, மனசெல்லாம் சொற்களில்தான். அதிலும் பேர் எடுப்பது, பேர் கெடுவது பற்றிய சொல் கிடைத்தால் விடமாட்டார். “இசைன்னா சத்தம். பழைய தமிழ்ல புகழுக்கும் அதான். புகழ்ங்கறதே புகலுறதுலேருந்து, சொல்றதுலேருந்து வந்திருக்கணும். நாலு பேர் வாய் திறந்தாத்தான்யா நல்ல பேரு” என்பார். ஊர் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர் என்று அவர் விளக்கும்போது காகிதக் கட்டுகள் தேங்கிக் கிடக்கும். துரை வந்து கத்துவார். எனக்கும் எரிச்சல்தான் வரும்.

அந்தப் பித்துத்தான் அவரைக் கவிழ்த்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு மாரியம்மாளின் மகள் தனபாக்கியத்தைப் பெண் கேட்டுக் கிள்ளானிலிருந்து வந்தவர்கள், வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். “பொண்ணுக்குப் பேரு எப்படிங்க?” என்று இவரிடமும் கேட்டார்கள். தங்கமான பெண். சட்டென்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? இந்த மனிதர் அவளுக்கு ஏற்ற சொல்லைத் தேடிக்கொண்டு கூரையைப் பார்த்திருக்கிறார்! வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பின்னாலேயே ஓடி, “நல்ல பொண்ணுங்க!” என்றாராம்.

“யோசிச்சில்ல சொல்றீங்க” என்றாராம் மாப்பிள்ளையின் தகப்பனார்.

சம்பந்தம் முறிந்தது. அடுத்த வீட்டுக்காரரே வாயடைத்துப் போனாராமே என்று ஊர் பேசியது. வேறு வரனும் வரவில்லை. பேச்சுத் தாங்காமல் அவள் தகப்பன் அவளைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார். அப்புறம் அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

வேலாயுதனார் வீடு வீடாகப் போய், அவள்மேல் குற்றமில்லை என்று சொன்னார். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் வளர்ந்தது. “கெட்ட பேரு பிறக்க வாய்கூட வேணாம்யா. அதுக்கு ஒரு சொல்லும் கிடைக்கல” என்று என்னிடம் அழுதார். வேலைக்கு நடுவே ரயில் ஊதினால், “அந்தப் பொண்ணு கூப்பிடுறா” என்று எழுந்து நிற்பார். நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைப்பேன்.

நேற்று வாய்க்கரிசி போடும் நேரத்தில் மாரியம்மாள் வந்தார். இத்தனை காலம் அந்த வாசலை மிதிக்காதவர். கூட்டம் விலகியது. அரிசியை வேலாயுதனாரின் வாயருகே கொண்டுபோனவர், போடாமல் குனிந்தார்.

“இப்பவாவது சொல்லுங்கண்ணே. என் பொண்ணு எப்படிப்பட்டவ?”

“தங்கமான பொண்ணும்மா” என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. வேலாயுதனாரே, உங்களைக் கும்பிட்டு வழியனுப்ப நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அந்தத் தாய் பிடி அரிசியோடு உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.