ஒன்பது நாள் மூதாதை

மேஸ்திரியின் தொழில் குழி தோண்டுவது என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "தோண்டறது பெருச்சாளி. நாங்க திறக்கறோம்" என்பார். ஆற்றங்கரை மேட்டை அப்படி முப்பது வருடமாகத் திறந்துகொண்டிருந்தார். மண்வெட்டி, கொத்துக்கரண்டி, தூரிகை, சல்லடை என்று நான்கு கருவிகளால் பிழைத்தவர். ஐந்தாவதாக வாயையும் கொஞ்சம் பயன்படுத்தியிருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்பது அவருடைய மைத்துனரின் கருத்து. மைத்துனர் வாயை மட்டுமே பயன்படுத்தியவர். அவரும் எங்கேயும் போகவில்லை.

தொல்லியல் படித்த பெருமக்கள் மேஸ்திரியைக் கேட்காமல் ஓர் அங்குலம் நகரமாட்டார்கள். அவர் மண்ணைச் சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, "இது வெள்ளம் கொண்டுவந்தது, இது ஆள் மிதிச்சது, இது அடுப்புச் சாம்பல்" என்பார். அடுத்த வருடம் அதுவே அறிக்கையில் பதினாறு பக்கமாக வரும். கடைசிப் பக்க நன்றியுரையில் 'தொழிலாளர்கள்' என்று ஒரு சொல் இருக்கும். பன்மையில் இருப்பதால் தானும் அதற்குள் இருப்பதாக மேஸ்திரி எடுத்துக்கொள்வார்.

அந்த மேட்டில் எது கிடைத்தாலும் அதற்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இக்கரைப் பேரவை, அந்தப் பக்கம் அக்கரைப் பேரவை. உடைந்த சட்டி ஒன்று வந்தால், "பார், ஆதி முதல் நாங்கள்தான் இங்கே சமைத்தோம்" என்பார்கள் இக்கரையார். "பார், எங்களை இங்கிருந்து விரட்டியபோது உடைந்த சட்டி" என்பார்கள் அக்கரையார். ஆறு வற்றி இருபது வருடமாகிறது. செருப்பு நனையாமல் நடந்து கடக்கலாம். ஆனாலும் கரை என்றால் கரைதான்.

மேஸ்திரிக்கு எந்தக் கரையோடும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. அவருக்கு வேண்டியது அந்த மேட்டின் தென்மூலை ஒன்றுதான். அதை யாரும் தொடாமல் இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டார்.

காரணம் இது. அவர் கூலியாளாகச் சேர்ந்த நாலாம் வருடம், மழைக்காலத்தில், முதல் பிள்ளை பிறந்தது. ஆண். ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் காலை மருத்துவமனையில் மருந்து பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். இடுகாட்டில் இடுப்பளவு தண்ணீர். அட்டைப்பெட்டி நனைந்து நெகிழத் தொடங்கியது. ஊரிலேயே ஈரம் ஏறாத இடம் மேடு ஒன்றுதான். மழைக்காக அகழ்வை நிறுத்திவிட்டு அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார்; அடுத்தவர் இன்னும் வரவில்லை. தென்மூலைக் குழியில் மூடியோடு ஒரு பெரிய தாழி, இன்னும் பதிவேட்டில் ஏறாமல், உள்ளே வண்டலைத் தவிர ஒன்றும் இல்லாமல் கிடந்தது. யார் வீட்டுப் பிள்ளைகளோ இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் நனையாமல் தூங்கிய வகை வீடு. இதைவிட நல்ல இடம் எங்கே தேடுவது? மனைவி தைத்திருந்த ஒரே சட்டையைப் போட்டு, அதன் ஒரே பொத்தானை மாட்டி, உள்ளே கிடத்தினார்கள்.

பிறகு மேஸ்திரி குழியை மூடினார். இங்கேதான் அவர் தவறு செய்தார். வேறு யாராயிருந்தாலும் நாலு கூடை மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு அழுதுகொண்டே போயிருப்பார்கள். இவரோ அழுதுகொண்டே வண்டலை முதலில் போட்டார். அதன்மேல் சாம்பல் மண், அதன்மேல் செம்மண், மேலே சரளை. வெட்டி எடுத்தபோது தனித்தனியாகக் குவித்து வைத்திருந்ததால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் கையால் தட்டி இறுக்கினார். துக்கத்திலும் தொழில் சுத்தம். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

அவர்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவரும் மனைவி எப்பேர்ப்பட்ட வெயிலிலும் நிழலே இல்லாத அந்தத் தென்மூலையில் போய்த்தான் உட்காருவார். "அங்க என்னம்மா வேண்டுதலா?" என்று கூலிப் பெண்கள் கேலி செய்வார்கள். "காத்து வருது" என்பார். காற்று வராது.

அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். "அந்த மூலையில ஒண்ணுமில்ல சார், வெறும் ஆத்து மணல்" என்று மேஸ்திரி சொன்னதை நான்கு பேர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாமவர் மனிதரை நம்பாதவர். மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்டும், புல் வெட்டும் வண்டி போன்ற ஒரு கருவியைக் கொண்டுவந்து மேடு முழுக்கத் தள்ளிப் பார்த்து, தென்மூலையைத் திறக்கச் சொன்னார். அந்த வாரம் பார்த்து மேஸ்திரி கண்புரை அறுவைக்காகப் படுத்திருந்தார். ஒற்றைக் கண்ணில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி செய்தித்தாளை நீட்டினார்.

"ஏங்க, இதைப் படிங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

'இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்தைய குட்டி இளவரசன் கண்டெடுப்பு' என்று இருந்தது. அவ்வளவு பெரிய தாழியில் ஏழை வீட்டுப் பிள்ளையை யாராவது வைப்பார்களா என்று நிபுணர்கள் கேட்டிருந்தார்கள். படம் தெளிவாக விழுந்திருந்தது.

"கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் மனைவி.

மறுநாள் மேஸ்திரி அதிகாரியின் அறைக்குப் போனார்.

"வாங்க மேஸ்திரி, கண்ணு எப்படி இருக்கு? நல்ல நேரம் பார்த்துப் படுத்தீங்க போங்க!"

"சார், அது பழசு இல்ல."

"எது?"

"தாழி பழசு. புள்ளை பழசு இல்ல. என் புள்ளை."

அதிகாரி சிரித்தார். கூட யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"என்ன பேசறீங்க? அடுக்கு துளி கலையல. நானே நின்னு பார்த்தேன். கத்தி வச்சு வெட்டின மாதிரி நாலு அடுக்கு. அப்படி ஒரு சுத்தத்தை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல."

"நான்தான் சார் மூடினேன்."

முப்பது வருடத்தில் ஓர் அதிகாரி வாயால் அவர் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அதற்காகப் பெருமைப்படுவதா கூடாதா என்று தெரியாமல் மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"உள்ள ஒரு பொத்தான் இருந்திருக்கணும் சார். நீலம்."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். 'நீல நிறப் பிளாஸ்டிக் பொத்தான் ஒன்று. எலி இழுத்து வந்திருக்கலாம்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேஸ்திரி, நீங்க பெரியவர். யோசிச்சுப் பேசுங்க. தாழியை எடுத்துச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினது குத்தம். கேஸாகும். அதை விடுங்க. இது பொய்னு ஆனா மேடே பொய்னு சொல்லிடுவாங்க. நாப்பது குடும்பம் இதுல சாப்பிடுது."

"எலும்பைச் சோதிச்சாத் தெரிஞ்சிடுமே சார்."

"சின்ன எலும்பு, சோதனைக்குத் தாங்காது. தாழியில ஒட்டியிருந்த கரியைத்தான் அனுப்பியிருக்கேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லல சார். புள்ளையைக் குடுத்துடுங்க, போதும்."

"முந்தாநேத்து அமைச்சர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார் மேஸ்திரி. அமைச்சர் பார்த்ததை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

கரியின் முடிவு வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு, ஐம்பது முன்பின். கரி பொய் சொல்லவில்லை. குழந்தையைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கணவர் வெறுங்கையோடு வந்த பிறகு மனைவியே கிளம்பினார். முதலில் அருங்காட்சியகம். வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து சேர்ந்து, குனிந்தார். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தது. சட்டை மக்கிப் போயிருந்தது. "நகருங்கம்மா, நகருங்க" என்றான் காவலாளி. "பின்னாடி இருக்கறவங்க மூதாதையைப் பார்க்க வேணாமா?"

அங்கிருந்து இக்கரைப் பேரவை அலுவலகம். தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். முழுக்கதையையும் கேட்டார். கண்கூடக் கலங்கினார்.

"அம்மா, உங்க துக்கம் எங்க துக்கம். ஆனா அவர் எங்க எல்லாருக்கும் மூதாதை. ஒரு வீட்டுக்குள்ள அடைக்கலாமா?"

"ஒம்பது நாள்ல போன புள்ளைங்க. அவனுக்கு ஏதுங்க பேரன் பேத்தி?"

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அதை உணர்வுபூர்வமாப் பார்க்கணும்மா" என்றார்.

அக்கரைத் தலைவர் அவ்வளவு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "உங்களை அவங்கதானே அனுப்பினாங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப நம்ம ஆளுதான். 'என் பிள்ளை அக்கரைப் பிள்ளை'ன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே ஊர்வலம்" என்றார்.

"ஊர்வலம் வேணாங்க. புள்ளை வேணும்."

"ஊர்வலம் இல்லாம எப்படிம்மா புள்ளை வரும்?"

பிள்ளையை ரொட்டி போலப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறார்களே என்று தோன்றியதாக அந்த அம்மாள் வீட்டில் சொன்னார். மேஸ்திரிக்குப் பஞ்சு எடுத்த கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதுவும் ஒரு தொல்லையாக இருந்தது.

இரண்டு பேரவையும் வழக்குப் போட்டன. ஒரு பிள்ளைக்கு இரண்டு தாயார் சண்டை போட்டு, பாதியாக வெட்டச் சொன்ன பழைய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் ஒருத்தியாவது ஐயோ வேண்டாமென்று அலறினாள். இங்கே சமரசக் குழு கூடி, தலையும் மார்பும் இக்கரை அருங்காட்சியகத்துக்கு, இடுப்பும் கால்களும் அக்கரைக்கு என்று அறிவித்தபோது இரண்டு தரப்பும் கைதட்டின. அக்கரையார் மட்டும் முதுகெலும்பில் நாலு கணு சேர்த்துக் கேட்டார்கள். கிடைத்தது. இரு கரையிலும் வெற்றிக் கூட்டம் நடந்தது. தலைவர்கள் இந்த மண், இந்த மண் என்று தொண்டை கட்டும்வரை பேசினார்கள்.

பிரித்துக் கட்டும் வேலைக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டார் அதிகாரி. ஆளனுப்பவில்லை, தானே வந்தார். வாசலில் நின்று, "வேற யார் கைக்கும் அது நிக்காது மேஸ்திரி" என்றார்.

மேஸ்திரி முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து மனைவி சொன்னார்: "நீங்களே போங்க. கண்டவங்க கை பட்டா உடைஞ்சிடும்."

இரண்டு மரப்பெட்டி, பஞ்சு, மெல்லிய காகிதம், பட்டியலோடு பக்கத்துக்கு ஒரு பிரதிநிதி. கண்ணாடியைத் தூக்கினார்கள். மேஸ்திரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது நாள் பிள்ளையின் மண்டை ஒரே துண்டாக இருக்காது, ஓடு ஓடாகப் பிரிந்துதான் வரும். ஒவ்வொன்றையும் ஈரத் தூரிகை நுனியால் ஒற்றி எடுத்து, காகிதத்தில் சுற்றி, பஞ்சுக்குள் வைத்தார். விலா எலும்புகள் தீக்குச்சியைவிட மெல்லியவை. "மெதுவா, மெதுவா, அது எங்க சொத்து" என்று இக்கரைப் பிரதிநிதி சொல்லிக்கொண்டே இருந்தார். தொடை எலும்பை எடுத்து அடுத்த பெட்டியில் வைக்கும்போது மேஸ்திரியின் கை ஒருமுறை நின்றது. "என்ன, உடைஞ்சிடுச்சா?" என்றார் அக்கரைப் பிரதிநிதி. "இல்ல" என்றார் மேஸ்திரி. மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிட்டது. ஒரு கீறல்கூட விழவில்லை. இருவரும் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டார்கள்.

தாழிக்குள்ளிருந்து எடுத்துச் சலித்த மண், ஒரு கோணிப்பையில் கட்டி, மூலையில் இருந்தது. கால் மூட்டை இருக்கும்.

"சார், இது?"

அதிகாரி பிரதிநிதிகளைப் பார்த்தார். "மண்ணுங்களா? அதை வச்சு நாங்க என்ன பண்றது?" என்றார் ஒருவர். மற்றவர் அதற்குள் பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிடப் போய்விட்டார்.

"எடுத்துட்டுப் போங்க மேஸ்திரி" என்றார் அதிகாரி. பதிவேட்டில் 'கழிவு மண் அகற்றப்பட்டது' என்று எழுதினார்.

மனைவி வெளி வாசலில் காத்திருந்தார். கணவர் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் குடுத்தாங்க" என்றார் மேஸ்திரி. "எலும்பு ஒண்ணுகூட எடுக்க முடியல. எண்ணி வாங்கிட்டாங்க."

அந்த அம்மாள் பையைப் பிரித்து உள்ளே கையை விட்டார். மண் மாவு போல இருந்தது.

"எலும்பை அவங்களே வச்சுக்கட்டும். சதையெல்லாம் இதுலதானே போச்சு" என்றார்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மேஸ்திரி பையைக் காலடியில் வைத்தார். நடத்துநர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, மூட்டைக்கு லக்கேஜ் போடணும். என்ன அது?"

"மண்ணு."

"மண்ணா! அதான் எங்க பார்த்தாலும் கிடக்கே, காசு குடுத்தா ஏத்திட்டுப் போவீங்க?"

"மடியில வச்சுக்கிட்டா?" என்று கேட்டார் மனைவி.

நடத்துநர் கொஞ்சம் யோசித்தார். "மடியில வச்சா டிக்கெட் இல்லம்மா" என்றார்.

அந்த அம்மாள் குனிந்து பையைத் தூக்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சாலை மோசம், ஏழு நிறுத்தம். கனத்தில் கால் மரத்திருக்கும். மேஸ்திரி இரண்டு முறை கையை நீட்டிக் கேட்டார். அவர் கொடுக்கவில்லை.