துருக்கித் தலைவரின் எழுத்துக்கல்

“…அப்ப இந்த மனுசன் சீனன் இல்லையோ, தங்கச்சி? பிறகேன் கல்லு முழுக்கச் சீன எழுத்து?”

கேட்டவர் சுவிஸில், நொஷாட்டலில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மன்னார் அண்ணை. நான் அருங்காட்சியகத்தில் காட்சிக்கூடக் காவல் வேலை செய்கிறேன். மனைவி இறந்து ஒரு வருடமாகியும் ஓட்டல் சமையலறை, வீடு என்று அடைந்து கிடந்த மனிதரை, என் வேலைநாளான ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன்.

அந்த அம்மாவின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. செதுக்குபவர் வெள்ளிக்கிழமைக்குள் வாசகம் கேட்டிருந்தார். சின்னக் கல், நாலு வரிதான் கொள்ளும். அண்ணை தமிழ் என்றார், மகள் பிரெஞ்சு என்றாள். “அப்பா, என்ர பிள்ளையள் அம்மம்மாவிட்ட வந்து நிண்டு என்னத்தை வாசிக்கிறது?” என்று அவள் கேட்ட நாளிலிருந்து இரண்டு கிழமையாக இருவருக்கும் கதைபேச்சு இல்லை.

பக்கத்து விளக்கப் பலகையில் இருந்ததை எனக்கு விளங்கிய மட்டில் சொன்னேன். மொங்கோலியப் புல்வெளியில் கிடைத்த பழைய கல்லறை. உள்ளே கிடந்தவர் துருக்கிய மொழி பேசிய குலமொன்றின் தலைவர், சீன அரசரிடம் பதவி பெற்றவர். சரிந்து இறங்கும் பாதை, வாசலில் காவலுக்கு மண் பூதங்கள், வரிசையாகக் குதிரைவீரர் பொம்மைகள், எல்லாம் சீன முறை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவை நகல்கள். கல்லறைக்குள் கிடைத்த எழுத்துக்கல்லை மையொற்றி எடுத்த தாள் சுவரில் தொங்கியது.

அண்ணை குனிந்து பொம்மைகளைப் பார்த்தார். “குதிரை எங்கட நெடுந்தீவுக் குதிரை மாதிரிக் கட்டையாக் கிடக்கு. தன்ர பாஷையில ஒரு வரி போட்டா இவருக்கு என்ன கேடு?”

“அப்ப அவையளுக்கு எழுத்து இல்லையாம் அண்ணை. பிறகுதான் வந்ததாம்.”

“அது சரி. அவருக்குப் பிள்ளையள் இருந்தது, எழுத்தில்லை. எனக்கு எழுத்து இருக்கு, வாசிக்கப் பிள்ளையள் இல்லை. ஆண்டவர் பங்கு பிரிச்ச வடிவைப் பாரும்!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அப்பிடி என்னதான் எழுதிக் கிடக்கு?”

“எந்தக் குலம், தகப்பன் ஆர், பாட்டன் ஆர், எங்க சண்டைக்குப் போனவர், எப்ப செத்தவர்…”

“அட, இது எங்கட முப்பத்தோராம் நாள் கல்வெட்டெல்லோ!”

உண்மைதான். செத்தவரின் பிறப்பு, வளர்ப்பு, சுற்றம் எல்லாம் பாட்டாகவும் படமாகவும் அச்சடித்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயரே கல்வெட்டுத்தான். அந்த அம்மாவுக்கும் அச்சடித்தார்கள். பேரப்பிள்ளைகள் படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தார்கள்.

அண்ணை சுவருக்குக் கிட்டப் போய் விரல் நீட்டி அந்த எழுத்துகளை வரி வரியாக எண்ணினார். பிறகு, “நானும் மகளும் எந்த எழுத்தெண்டு அடிபட்டமே தவிர, மனுசியைப் பற்றி என்ன எழுதுறதெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல” என்றபடி கைபேசியை எடுத்து மகளை அழைத்தார்.

காட்சிக்கூடத்தில் தொலைபேசியில் கதைக்கக் கூடாது. அதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓம், நான்தான்… ஓமோம், சாப்பிட்டனான். பேர் தமிழில கிடக்கட்டும் பிள்ளை, மிச்ச மூண்டு வரியும் பிரெஞ்சு. நீ சொல்லாத. சின்னவளிட்டக் குடு. அம்மம்மா ஆரெண்டு அவள் சொல்லட்டும்.”

கூடத்தின் நடுவில் கிடந்த நீள வாங்குப் பலகையில் போய் அமர்ந்தார். செதுக்குபவர் தந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தொடையில் விரித்தார். முப்பது வருடமாகச் சமையலறையில் பிரெஞ்சு கதைத்தாலும் அதை எழுதப் பழகாத மனிதர், பேத்தி சொல்லச் சொல்ல அந்தப் பிரெஞ்சை ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினார்.