ஆறு ஆணியும் அம்மிணியும்

கைக்குழந்தையைப் பாத்துக்கிடுத ஆயாவுக்கு, பிள்ளை என்னைக்காவது வளந்துரும்னு ஒரு ஆறுதல் உண்டு. வளந்த ஆளைப் பாத்துக்கிடுத எங்களுக்கு அதுவும் கிடையாது. அடுத்தவுக வீட்டு ஆளைக் குளிப்பாட்டி, தலை சீவி, நகம் வெட்டி, நடுவுல ரெண்டு கடியும் வாங்கின என் சோட்டுக்காரிகளே, நீங்கதான் இதை வாசிக்கணும். மத்தவுக நம்ப மாட்டாவ.

ஜெர்மன்காரன் சண்டை நடந்துக்கிட்டிருந்த சமயம். நான் கனி, பம்பாய் தாராவியில குடியிருந்தேன். வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்புல வேலை. மாட்டுங்காவுல ஒரு பாலக்காட்டு ஐயர் வீட்டம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடிச்சிக்கிட்டாவ. அவுக மக அம்மிணிக்கு முப்பது வயசு. பொறந்ததுலேருந்தே மத்தவுக மாதிரி இல்ல. இப்ப அதுக்கு டவுன் சிண்ட்ரோம்னு பேராம். அப்ப டாக்டருமாரு வேற ஒண்ணு சொன்னாவ. அதை நான் சொல்ல மாட்டேன், மனுசருக்கு வைக்கிற பேரா அது? குட்டையா, உருண்டையா இருப்பா. சிரிச்சா கண்ணு காணாமப் போயிரும். அவளுக்கு எல்லாம் செஞ்ச கை ஒடிஞ்சதும் என்னைய வேலைக்கு வச்சாவ.

மொத நாளே அவ அண்ணன் விச்சு சாமி எங்கிட்ட விசயத்தைப் போட்டு உடைச்சிட்டாரு. ஆபீஸ் குமாஸ்தா அவரு. தீபாவளி கழிஞ்சதும் டில்லிக்கு மாத்தல். அம்மாவைக் கூட்டிட்டுப் போவாராம்; அம்மிணியை ஊருக்கு வெளிய மதில் கட்டின ஒரு விடுதியில விட்டுருவாராம். "ஒரு காரியமும் தானாச் செய்யத் தெரியலை. ஒரு வருஷமா கூப்பிட்டாத் திரும்பறதுகூட இல்லை, அத்தனை பிடிவாதம். டில்லில யார் கட்டி மேய்க்கறது?"ன்னாரு. உள்ள அம்மா மூக்கைச் சிந்துற சத்தம் கேட்டுது. அப்ப ஆடி மாசம்.

வாயைத் தொறந்த ரெண்டு பேரு

காலையில போனா, அம்மிணி மனையில உக்காந்து வாயை ஆன்னு தொறந்து வச்சிருக்கா. பல்பொடியை நான் போட்டுத் தேய்க்கணுமாம். அடுக்களை வாசப்படியை நான் தாண்டக்கூடாது, ஆனா அவ வாய்க்குள்ள என் வெரலு தாண்டலாம். இது என்ன சட்டம்டின்னு நெனச்சிக்கிட்டு, எதுத்தாப்புல உக்காந்தேன். நானும் ஆன்னு தொறந்துட்டேன்.

அவ பாக்கா, நான் பாக்கேன். ரெண்டு பேரும் வாயை மூடல. ஈ ஒண்ணு யாரு வாய்க்குள்ள போவோம்னு யோசிச்சிக்கிட்டுச் சுத்துது. எனக்குத் தாடை வலி எடுத்துட்டு. கடைசியில அவ பெருமூச்சு விட்டா. பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது போலன்னு நெனச்சிருப்பா. பல்பொடியில வெரலைத் தொட்டு என் பல்லைத் தேச்சா பாருங்க! மேல, கீழ, கடவாய்ப் பல்லு, ஒண்ணு விடல. முடிச்சிட்டு, மிச்சப் பொடியில தன் பல்லையும் தேச்சிக்கிட்டா. கட்டுப் போட்ட கையோட வந்து நின்னு பாத்த அம்மா சொன்னாவ: "முப்பது வருஷமா நான் தேய்ச்சுவிடறேன். தனக்குத் தெரியும்னு ஒரு நாள் சொன்னாளோ பாரு, கள்ளி!"

மூணாவது ஆணி

வாயால சொல்லிக் குடுத்தா அவளுக்கு ஏறாது, கண்ணால பாத்தா ஏறும்னு அன்னைக்குத் தெரிஞ்சிக்கிட்டேன். குளிக்கிற அறைக்கு வெளிய செவத்துல வரிசையா ஆறு ஆணி அடிச்சேன். மொத ஆணியில துண்டு. கால் விரலிடுக்கு வரைக்கும் துடைக்கணும், இல்லன்னா அவளுக்குத் தோலு வெடிச்சிரும். ரெண்டாவதுல பாவாடை, மூணாவதுல சட்டை, நாலாவதுல தாவணி, அஞ்சாவதுல கயித்துல கட்டின சீப்பு. ஆறாவதுல ஒரு துணிப்பை, அது மாசத்துக்கு ஒரு தடவை. ஆம்பளையாளுவ வாசிச்சா அடுத்த வரிக்குப் போயிருங்க.

ஒரு மாசம் முன்னப்பின்ன இழுத்தடிச்சுது. துண்டை உடுத்திக்கிட்டுப் பாவாடையால துடைச்ச நாளெல்லாம் உண்டு. அப்புறம் ரயிலு மாதிரி ஆணிக்கு ஆணி நின்னு நின்னு வந்துருவா. ஒரு நா காலையில விச்சு சாமி, "என் கோட் எங்கே? எட்டே முக்கால் வண்டி போயிடும்!"னு வீட்டையே பொரட்டிக்கிட்டிருக்காரு. அம்மிணி குளிச்சிட்டு வாரா. பாவாடை, அதுக்கு மேல அண்ணனோட ஆபீஸ் கோட்டு, கோட்டுக்கு மேல மடிப்பு மாறாம தாவணி, தலையில எடுத்த வகிடு. ராத்திரி கோட்டை மூணாவது ஆணியில மாட்டினது அவருதான். "கழட்டுடி!"ன்னு அவரு பாய்ஞ்சாரு. பக்கத்துல போனதும் அப்படியே நின்னுட்டாரு. அம்புட்டுப் பொத்தானும் ஓட்டைக்கு ஓட்டை சரியாப் போட்டிருக்கா. இவரு கோட்டுல எப்பவும் ஒரு பொத்தான் ஏறுக்கு மாறாத்தான் இருக்கும். அம்மிணி கோட்டைத் தடவிவிட்டுச் சொன்னா: "மூணாவது ஆணி. என்னோடது."

டூட்டி நேரம்

அந்தக் கட்டடத்துல மூணு மாடி. சீனி ரேசன்ல கிடைக்காத காலத்துலயும் ஒவ்வொரு வீட்டு மாமியும் அம்மிணிக்கு மட்டும் ஒரு வாய் எடுத்து வச்சிருப்பாவ. பாவம், குழந்தைன்னு சொல்லிச் சொல்லி ஊட்டி, மாடி ஏறுனா அவளுக்கு மூச்சு வாங்கும். டாக்டரு நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்து, உடம்பைக் குறைங்க, தினம் நடக்க விடுங்கன்னாரு. யாரு சொல்லுதது மாமிமாருகிட்ட?

பால்கனியில ரெண்டு தொட்டி கருவேப்பிலை இருந்துச்சு. சாயங்காலம் கொத்துக் கொத்தாப் பறிச்சு ரெண்டு கையிலயும் திணிச்சி, இது உன் டூட்டி, வீட்டுக்கு வீடு குடுத்துட்டு வான்னு மாடி ஏத்தி விட்டேன். கை நெறஞ்சிருந்தா அல்வாவை எதுல வாங்குவா? முடிச்சதும் கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் நடந்து, டிராமுக்கு ஒரு டாட்டா. ரெண்டு மாசத்துல பாவாடை நாடாவை நாலு வெரக்கடை இறுக்கிக் கட்ட வேண்டியதாச்சு. மூணாவது மாடி மாமி எங்கிட்டச் சண்டைக்கு வந்தாவ: "ஒரு மைசூர்பாகு நீட்டினேண்டி. 'டூட்டி நேரம்'னு சொல்லிட்டுப் போறா. உங்க கவர்ன்மெண்டுல ரிஷ்வத்து, லஞ்சம்கூட வாங்க மாட்டேளா?"

முதுகுக்குப் பின்னால

எல்லாம் சரி. ஆனா கூப்பிட்டாத் திரும்புறதில்லங்கிற குத்தம் மட்டும் தீரல. விச்சு சாமி அதைத்தான் புடிச்சிக்கிட்டு நின்னாரு. விடுதி மேனேஜரை வரச் சொல்லிக் காயிதமும் போட்டாச்சு.

ஒரு நா தண்டவாளத்தைத் தாண்டிக்கிட்டிருக்கோம், பின்னால டிராம் மணியடிச்சிக்கிட்டே வருது. ரோட்டுல அம்புட்டுப் பேரும் ஒதுங்குதாவ, இவ அசையல. இழுத்துப் போட்டேன். "ஏட்டி, உனக்கு அம்புட்டுத் திமிரா?"ன்னு நானும் கத்திட்டேன். அவ என் வாயையே பாத்துக்கிட்டு முழிச்சா. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. டிராம்னா உசிர விடுத பிள்ளை, மணிச் சத்தத்துக்குத் திரும்பலையே? இத்தனை நாளும் நான் எதுத்தாப்புல நின்னுதானே எல்லாம் காட்டிக் குடுத்தேன்?

வீட்டுக்கு வந்து அவ முதுகுக்குப் பின்னால நின்னு, "அம்மிணி, ஜீனி வேணுமா?"ன்னு கேட்டேன். முன்னால நின்னு சொன்னா துள்ளிக் குதிப்பா அந்த ஒரு வார்த்தைக்கு. இப்ப திரும்பல. பித்தளைத் தட்டைக் கீழ போட்டேன். அம்மாதான் பதறி ஓடியாந்தாவ. "அம்மா, உங்க மகளுக்குப் பிடிவாதமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காது அடைச்சுக் கிடக்கு"ன்னேன். அம்மா செவத்துல சாஞ்சி உக்காந்துட்டாவ. ஒரு வருசமா அவளைத் திட்டுன திட்டெல்லாம் அவுகளுக்கு ஞாபகம் வந்துருக்கும். எனக்கு நான் திட்டினது ஒண்ணே போதுமாயிருந்துச்சு.

காது டாக்டரு நாலு நாளு எண்ணெய் விடச் சொல்லி, அஞ்சாம் நாளு வெதுவெதுன்னு தண்ணியைப் பீச்சினாரு. ரெண்டு காதுலயும் புளியங்கொட்டை தண்டிக்கு அழுக்கு! "இவங்களுக்குக் காது ஓட்டையே சின்னது, சீக்கிரம் அடைச்சுக்கும். குச்சி விட்டுக் குடையாதீங்க, வருஷத்துக்கு ரெண்டு தரம் எங்கிட்டக் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. வீட்டுக்கு வந்தோம். விச்சு சாமி ஒரு வருசத்துப் பழக்கத்துல, "அம்மிணீ! சாப்ட்டியா!"ன்னு தொண்டை கிழியக் கத்தினாரு. அம்மிணி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா: "ஏன் கத்தறே அண்ணா? நான் இங்கதானே இருக்கேன்."

மேனேஜரோட காயிதம்

போட்ட காயிதத்துக்கு மேனேஜரு வந்துட்டாரு. பெஞ்சுல உக்காந்து பாரத்தை விரிச்சு ஒவ்வொண்ணாக் கேட்டாரு. தானே பல் தேய்ப்பாளா? விச்சு சாமி தொண்டையைக் கனைச்சாரு. "தேய்ப்பா." குளிப்பு? "குளிப்பா." உடுத்துறது, தலை சீவுறது? "அதுவும்." கூப்பிட்டா வருவாளா? விச்சு சாமி வாசப்பக்கம் பாத்து, மெள்ள, ரொம்ப மெள்ள, "அம்மிணி"ன்னாரு. கருவேப்பிலைக் கொத்தோட அவ எட்டிப் பாத்தா: "டூட்டி முடிச்சுட்டு வரேன், அண்ணா."

அம்மா கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்காவ. விச்சு சாமி தலையைக் குனிஞ்சவரு நிமிரல. மேனேஜரு பேனாவை மூடிப் பையில சொருகினாரு. "சார், எங்க சமையக்காரனே தினம் குளிக்கிறதில்லை. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

ஆன்னு காட்டு

தீபாவளி கழிஞ்சு நாலாம் நாளு, மூணு பேருமா டில்லிக்குப் போகச் சாமான் கட்டுனாவ. அம்மிணி அவ டிரங்குப் பெட்டியை மூட விடல. அண்ணன் கையைப் புடிச்சி இழுத்துட்டுப் போயி செவத்தைக் காட்டினா. விச்சு சாமி கோட்டைக் கழட்டி வச்சிட்டு, சுத்தியலால ஒவ்வொரு ஆணியா புடுங்கிப் பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. அவ எண்ணிப் பாத்து வாங்கிக்கிட்டா. "டில்லில சுவர் இருக்கோ?"ன்னு அண்ணனைக் கேட்டா. "இருக்கும்மா"ன்னாரு. அவரு அவளை அம்மான்னு கூப்பிட்டு நான் கேட்டது அன்னைக்குத்தான்.

ஸ்டேஷன்ல வண்டி கிளம்புத நேரம். வாய் ஓயாம நையாண்டி பேசுத எனக்கு அன்னைக்குக் கண்ணுல தண்ணிதான் வருது. அம்மிணி ஜன்னல் கம்பி வழியா என் தாடையைப் புடிச்சா. "கனி, ஆன்னு காட்டு"ன்னா. அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல காட்டினேன். மேல பாத்தா, கீழ பாத்தா, கடவாய்ப் பல்லு வரைக்கும் பாத்தா. அப்புறம் என் கன்னத்துல தட்டினா: "தேய்ச்சிருக்கே. சமத்து. அழாதே."

ஒருத்திக்குத் தன் காரியத்தைத் தானே பாத்துக்கிடச் சொல்லிக் குடுத்தா, மொதல்ல வேலை போறது சொல்லிக் குடுத்தவளுக்குத்தான், சோட்டுக்காரிகளே.