அடுப்பு மேல் காய்ந்த ரத்தச் சொட்டு

ஈரச் சுள்ளிப் புகை... அதனோடு சூடேறிய அட்டையின் வாசனை. அந்த மதியத்தை நினைத்தால் முதலில் அதுதான் வருகிறது.

அப்போது நான் ஆறாவது படித்தேன். கரியாலூர் பக்கம் வீடு. தங்கை மல்லி பிறந்து சில நாள்தான். நர்சம்மா வீட்டுக்கே வந்து அவள் குதிகாலில் குத்தி, தடித்த அட்டையில் இருந்த வட்டங்களில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தார்.

"இத்தினியூண்டு ரத்தத்துல இன்னா நர்சம்மா தெரியும்?" என்று அப்பா சிரித்தார்.

"காய்ஞ்சதும் மிளகு சைசுல வெட்டி, மருந்துத் தண்ணியில ஊற வெச்சு மிஷின்ல விடுவாங்கண்ணா. பால்ல இருக்கிற சத்து ஒடம்புல கரையுதா, இல்ல சேந்துக்கினே போவுதான்னு தெரிஞ்சிடும். தானா காயட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

வெளியே மழை விடவில்லை. மழைக்காலத்தில் எங்களுக்கு எல்லாமே அடுப்பு மேல்தான் காயும்... விதைச் சாமை, என் யூனிஃபார்ம் எல்லாம். அப்பா அட்டையையும் அங்கே பிடித்தார்.

"வடாமா அது? தீஞ்சிடப் போவுது!" அம்மா படுத்தபடியே கத்தினாள்.

"நீ சும்மா இரு. அவங்க வர்றதுக்குள்ள ரெடியா இருக்கும் பாரு."

சாயங்காலம் அட்டையை வாங்கிப்போன நர்சம்மா சில நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

"சூடு பட்டிருக்குதுண்ணா. லேப்ல வேணான்னுட்டாங்க. மறுபடி எடுக்கணும்."

அதற்குள் அம்மா மல்லியோடு வடக்கனந்தல் மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். மழை, பாதை, அது இதென்று தள்ளிப்போய், மறுபடி எடுத்து முடிவு வந்தபோது மல்லிக்குக் கரையாத சத்து மூளை வரை சேர்ந்திருந்தது. நாலு வயதாகியும் அவள் இன்னும் நடக்கவில்லை. பேசவில்லை.

இப்போது நான் பத்தாவது. போன வாரம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். அதே மாதிரி அட்டை. அங்கேயே காய வைத்து அனுப்பினார்கள். மல்லிக்கு இருப்பது இவனுக்கும் இருக்கலாம் என்றார் டாக்டர். ரிசல்ட் வரும்வரை தாய்ப்பால் அளவாகக் கொடுக்கச் சொன்னார். இன்னும் வரவில்லை.

"யார்கிட்டயும் மூச்சு வுடாதடி. ஊர்ல இன்னான்னா பேசுவாங்க" என்கிறாள் அம்மா. அதனால்தான் என் பெயர் போடாமல், தங்கை பெயரையும் மாற்றி, போர்வைக்குள் அவள் போனில் எழுதுகிறேன்.

மல்லி பால் குடிக்கும் சத்தம் அப்போதெல்லாம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். பக்கத்தில் படுத்து, கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன்.

இப்போது தம்பி குடிக்கிறான்... ஒவ்வொரு மடக்குக்கும், போதும்டா தம்பி, போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.